பல்லிக்குப் பயந்தவர்

நாகர்கோவில்
5 ஜூன் 2023

இயேசு மரி சூசை துணை.

மைனிக்கு ரத்தினபாய் எழுதுவது. நான் சுகம். நீங்களும் ஜெபகுமாரும் மருமகள் ஏஞ்சலும் அங்கே சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் எனக்குத் தகவல் வந்திருக்கும்.

அண்ணனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அவருடைய சட்டை, வேட்டி எல்லாவற்றையும் நீங்கள் மூட்டை கட்டி முதியோர் இல்லத்து வண்டியில் ஏற்றினீர்கள். இனி உங்களோடு வாய் திறந்து பேசுவதில்லை என்று அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். அது அப்படியேதான் இருக்கிறது, ஆகையால் போன் செய்ய வேண்டாம். எழுதுவதில்லை என்று நான் மாதாவிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கல்லறைக்குக் கறுப்புக் கல் சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் முதலாண்டுப் பூசைக்குள் வைத்துவிட வேண்டும். இடது பாதியில் ‘டிரில் மாஸ்டர் சவுரிமுத்து, அன்பான கணவர், பாசமுள்ள தந்தை’ என்று வரும். வலது பாதியை உங்களுக்காக வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். என்ன இருந்தாலும் புருஷன் பக்கத்தில்தானே பெண்டாட்டிக்கு இடம். அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை.

ஜெபாவுக்கு அத்தையின் முத்தங்கள். உங்களுக்கு ஆண்டவர் நல்ல புத்தியைத் தரட்டும்.

நாத்தனார்,
ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம், தாம்பரம்
19 ஜூன் 2023

மரியே வாழ்க.

அன்புள்ள ரத்தினத்துக்கு, மைனி அருள்மேரி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன்.

கல் விஷயம் படித்தேன். பெயரும் தேதிகளும் போதும். ‘அன்பான கணவர்’ என்பதை எடுத்துவிடு.

ஜெபா விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகருக்குப் போகிறான். ஏஞ்சல் எட்டு மணிக்கு ஆபீஸ் காரில் சிறுசேரிக்குப் போகிறாள். அதற்குப் பிறகு மூன்றாவது மாடியில் நானும் நாலு சுவரும்தான். நான் மீன்காரரிடம் ‘சாளை உண்டா’ என்று கேட்டால் அவர் என்னை மலையாளி என்று நினைக்கிறார். இந்த ஊரில் எனக்குப் பெயர்கூட இல்லை, சி பிளாக் முந்நூற்று நாலு, அவ்வளவுதான்.

எங்கள் வாட்ச்மேன் அப்பாதுரை ஒருநாள், “இன்னாமா, வூட்டுக்குள்ளயே குந்திகினு கீறியே, பேஜாரா இல்ல? கீழ் வூட்டு பாலாம்பா அம்மாகூட சிரிப்புக் கூட்டத்துக்குப் போய்ட்டு வா” என்றார். போனேன். மாதா மாதம் இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறார்கள். வெடிச்சிரிப்பு மன்றம் என்று பெயர். யார் வேண்டுமானாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு மேடையேறி ஜோக் சொல்லலாம். சுண்டலும் டீயும் தருகிறார்கள். நான் உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மைனி,
அருள்மேரி


நாகர்கோவில்
3 ஜூலை 2023

இயேசு மரி சூசை துணை.

மைனிக்கு. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தைலம் இங்கேயும் கிடைக்கும்.

அண்ணன் மண்ணுக்குள் போய் ஆறு மாதம் ஆகவில்லை. இங்கே நான் கோயில் திருவிழாவுக்குக்கூட நல்ல சேலை உடுத்தவில்லை. நீங்கள் அங்கே சிரிப்பதற்கென்றே ஒரு சங்கத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். ஊரில் மாதர் சபை இல்லையா? ஜெபக் கூட்டம் இல்லையா? எங்கும் இடம் கிடைக்காமலா சுண்டல் தின்னப் போனீர்கள்?

‘அன்பான கணவர்’ என்பதை எடுக்க முடியாது. எழுதக் கொடுத்தாயிற்று. முப்பத்திரண்டு வருஷம் சோறு போட்டவருக்கு ஒரு வார்த்தை கூடவா தரக்கூடாது?

ஜெபாவை நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
21 ஜூலை 2023

மரியே வாழ்க.

அன்புள்ள ரத்தினத்துக்கு. எல்லோரும் நலம். ஜெபா இரண்டு கிலோ கூடியிருக்கிறான்.

மாதர் சபைக்கும் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரர் எப்படிக் காலமானார், கடைசியில் என்ன சொன்னார் என்று வரிசையாகக் கேட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மன்றத்தில் யாரும் அதையெல்லாம் கேட்பதில்லை.

ஒன்பதாம் தேதி முதல் தடவையாக மேடையேறினேன். என் டோக்கன் பதினேழு. தலைவர் ஸ்ரீநிவாசராகவன் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர், மணியோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு நிமிஷம் தாண்டினால் அடித்துவிடுவார். அரசியல் கூடாது, சாதி மதம் கூடாது, அவரவர் வீட்டுக் கதைதான் சொல்ல வேண்டும் என்பது விதி. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டே பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். கீழே இறங்கியதும் நாலு பேர் பெயர் கேட்டார்கள். இப்போது காய்கறிக் கடையில் என்னை மேடம் என்று கூப்பிட இரண்டு பேர் இருக்கிறார்கள்.

கல் பற்றி நான் சொன்னதை மறுபடியும் யோசி.

அருள்மேரி


நாகர்கோவில்
30 ஆகஸ்ட் 2023

மைனிக்கு.

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

கோயில் பாடகர் குழுவில் இருக்கிற ஒரு பெண் நேற்று போனை நீட்டி, “இது உங்க மைனிதானே?” என்று கேட்டாள். பார்த்தேன். பூப்போட்ட சேலை, கையில் மைக். ‘என் வீட்டுக்காரர் டிரில் மாஸ்டர். முந்நூறு பையன்களை ஒரே விசிலில் நிறுத்துவார். சுவரில் பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நின்று எனக்கு விசில் அடிப்பார். நான் துடைப்பத்தோடு ஓடி வந்தால், மெதுவா மேரி, அதுக்கு வலிக்கும் என்பார்.’ சபை உருண்டு உருண்டு சிரிக்கிறது. நீங்களும் சிரிக்கிறீர்கள்.

என் அண்ணன் எந்தக் காலத்தில் பல்லிக்குப் பயந்தார்? எந்தக் காலத்தில் கட்டில் மேல் ஏறினார்? செத்தவர் எழுந்து வந்து கேட்கமாட்டார் என்ற தைரியமா? கோயில் பங்கிலே பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். டிரில் மாஸ்டர் பல்லியைக் கண்டு நடுங்கினாராமே என்று பால்காரர்கூடக் கேட்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த மன்றத்திலிருந்து விலகுங்கள். அது எல்லாம் பொய் என்று அதே மேடையில் சொல்லிவிட்டு விலகுங்கள். இல்லாவிட்டால் கல்லில் உங்களுக்கு இடம் கிடையாது. வலது பாதியில் ஒரு சிலுவையைப் போட்டு மூடிவிடுவேன்.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
9 செப்டம்பர் 2023

மரியே வாழ்க.

அன்புள்ள ரத்தினத்துக்கு. நாங்கள் நலம். நீ கோபத்தில் மாத்திரை போடாமல் இருக்காதே.

பொய்தான். பல்லி பொய், கட்டில் பொய், ‘மெதுவா மேரி’ என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய். அங்கே ஒவ்வொருத்தியும் வீட்டுக்காரர் கதை சொல்கிறாள். பாலாம்பாளின் கணவர் சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு பூஜை அலமாரியில் லட்டு ஒளித்து வைப்பாராம். என் முறை வந்தபோது முப்பத்திரண்டு வருஷத்தையும் துழாவிப் பார்த்தேன். சொல்லுகிற மாதிரி ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அதனால் ஒரு ஆளைச் செய்துகொண்டேன். அவரைச் சபைக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. தெருவில் என்னை இப்போது பல்லி மேடம் என்கிறார்கள். நான் விலகப் போவதில்லை.

உனக்கு ஒரு வழி சொல்கிறேன். உன் அண்ணன் நம் ஊர் வீட்டில் செய்த காரியம் ஒன்று, கேட்டால் நாலு பேர் முகம் மலர்கிற மாதிரி, உண்மையாக நடந்தது, எழுதி அனுப்பு. நீயும் அதே வீட்டில்தானே இருந்தாய். அடுத்த கூட்டத்தில் பல்லியை விட்டுவிட்டு அதைச் சொல்கிறேன்.

அருள்மேரி


நாகர்கோவில்
30 செப்டம்பர் 2023

மைனிக்கு.

உங்கள் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டேன். மன்றத்தின் விலாசம் அந்த வீடியோவின் அடியிலேயே இருக்கிறது. பெரிய மனிதர்கள் நடத்துகிற இடமாக இருந்தால் உங்களை வெளியே அனுப்புவார்கள்.

ரத்தினபாய்


நாகர்கோவில்
24 அக்டோபர் 2023

அருள்மேரி அவர்களுக்கு.

இன்று கூரியரில் எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் வந்திருக்கிறது. பச்சை நிறம். உள்ளே ஒரு சான்றிதழ். ‘சிறந்த நகைச்சுவைக் கடிதம், முதல் பரிசு, திருமதி ரத்தினபாய், நாகர்கோவில்.’ கீழே ஸ்ரீநிவாசராகவன் என்று கையெழுத்து. ‘தங்கள் கற்பனை வளம் மேலும் ஓங்குக’ என்று வேறு எழுதியிருக்கிறார்.

என் அண்ணனுக்காக வயிறு எரிந்து நான் எழுதினதைச் சபையில் படித்துச் சிரித்தீர்களா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான். இதற்குப் பின்னால் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கூரியர் பையன் கையெழுத்துப் போடச் சொல்லி ‘வாழ்த்துகள்மா’ என்றான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
4 நவம்பர் 2023

மரியே வாழ்க.

ரத்தினத்துக்கு. நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடிக்கும் வரையாவது இருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். அக்டோபர் எட்டாம் தேதி மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழா. அதற்கு ஒரு போட்டி வைத்திருந்தார்கள். வீட்டாருக்குள் எழுதிக்கொள்கிற கோபக் கடிதம் ஒன்றைக் கற்பனையாக எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். வெளியூர்க்காரர்களும் எழுதலாம். முப்பது கடிதத்துக்கு மேல் வந்திருந்தன. உன்னுடையதும் அதே வாரம் வந்து அதே கட்டுக்குள் சேர்ந்துவிட்டது. செயலாளர் துரை படித்துப் பார்த்துவிட்டு, பல்லி மேடமே நாத்தனார் பெயரில் எழுதி ஊரிலிருந்து போடச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் தெரியாது. மேடையில் உன் பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்ரீநிவாசராகவன் நன்றாகப் படிப்பார். ஏற்ற இறக்கத்தோடு, உன் குரல் மாதிரியே. நீ எழுதினது உனக்கு ஞாபகம் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். ‘என் அண்ணன் சைக்கிள் மணி கேட்டால் தெருநாய்கூட எழுந்து நிற்கும்.’ சிரிப்பு. ‘அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை இந்த அருள்மேரி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்பாள்.’ பெரிய சிரிப்பு. ‘மீன் குழம்பில் புளி கூடிப்போனதற்கு இவள் இடது கையை முறுக்கி ஒடித்தவர் அவர். கட்டுப்போட நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அப்படிப்பட்ட ஆண்பிள்ளையா ஒரு பல்லிக்குப் பயப்படுவார்?’ அந்த இடத்தில் படித்தவரே சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருநூறு பேர் கைதட்டினார்கள்.

இரண்டாயிரத்து ஒன்றில் அந்த டாக்டர் என்னிடம்தான் கேட்டார், எப்படி ஒடிந்தது என்று. நான் வாயைத் திறக்கும் முன்னால், “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ டாக்டர்” என்று நீ சொன்னாய். பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னாய். என் அம்மாவிடமும் சொன்னாய். எட்டு வயதுப் பிள்ளையாக இருந்த ஜெபாவை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மாவுக்குக் கவனம் பத்தாது மக்களே” என்று சொன்னாய். இருபத்திரண்டு வருஷம் நானும் வழுக்கியே விழுந்திருந்தேன். அவனுக்கு அப்பா என்றால் உயிர். அதைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது அண்ணன் பல்லிக்குப் பயந்தவர் ஆகிவிடக் கூடாது என்பதற்காக நீயே உன் கையால் எழுதி, கையெழுத்தும் போட்டு, தபாலில் சேர்த்திருக்கிறாய்.

ஆண்டு விழா, சாப்பாடும் உண்டு என்பதால் அன்றைக்கு ஜெபாவும் ஏஞ்சலும் வந்திருந்தார்கள். மூன்றாம் வரிசை. அவ்வளவு பேரில் சிரிக்காதவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஜெபா என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அது முழுசாகத் திரும்பாது, உனக்குத் தெரியும். “வழுக்கி விழலையாம்மா?” என்று கேட்டான். இல்லை என்றேன்.

பரிசை எந்த விலாசத்துக்கு அனுப்புவது, இந்த நாகர்கோவில் விலாசம் நிஜமா என்று தலைவர் கேட்டார். நிஜம்தான் சார், அனுப்புங்கள் என்று நான்தான் சொன்னேன். அதில் மட்டும் உன் சந்தேகம் சரி.

அருள்மேரி


நாகர்கோவில்
13 நவம்பர் 2023

இயேசு மரி சூசை துணை.

மைனிக்கு.

ஜெபா என் போனை எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்துவிட்டேன். ஏஞ்சல் எடுத்து, மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்கா?

அந்தக் கடிதத்தை வாங்கி எனக்குத் திருப்பி அனுப்புங்கள். கோபத்தில் எழுதினது. கோபத்தில் மனுஷர் என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். அதை வைத்துப் பெற்ற தகப்பனை ஒரு பிள்ளை வெறுக்கலாமா? முதலாண்டுப் பூசைக்கு அவன் வராவிட்டால் நான் யாரை முன்னால் நிறுத்துவேன்?

என்னைச் சொல்கிறீர்களே. கட்டினவன் விட்டுவிட்டுப் போய், இரண்டு சேலையோடு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றவள் நான். அண்ணன் என்னை ஏன் வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டரிடம் நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி எங்கே போய்ப் படுத்திருப்பேன்? நீங்களாவது அவருடைய பெண்டாட்டி. நான் யார்?

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லில் உங்கள் பாதி வெறுமையாகவே இருக்கிறது. சிலுவை போடச் சொல்லவில்லை. ‘அன்பான கணவர்’ என்பதைக்கூட வேண்டுமானால் எடுத்துவிடச் சொல்கிறேன். கடிதத்தை அனுப்புங்கள். ஜெபாவை அனுப்புங்கள்.

ரத்தினபாய்


ராஜகீழ்ப்பாக்கம்
15 டிசம்பர் 2023

மரியே வாழ்க.

ரத்தினத்துக்கு, அருள்மேரி எழுதுவது. நாங்கள் நலம். உன் நலத்தை விசாரிக்க இதற்குப் பிறகு நான் எழுதமாட்டேன் என்பதால் இப்போதே சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

கடிதம் என்னிடம் இல்லை. மன்றத்துக்குப் போய் ஜெபா வாங்கி வைத்திருக்கிறான். அவனிடம் நான் கேட்கமாட்டேன். வேண்டுமானால் நீ கேள். பூசைக்கு வருவதும் வராததும் அவன் இஷ்டம். போகாதே என்றும் நான் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

போக்கிடம் இல்லாமல் சொன்னேன் என்கிறாய். அதை நம்புகிறேன். நானும் போக்கிடம் இல்லாமல்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த டாக்டர் அறையில் நாம் இரண்டு பேர் இருந்தோம் ரத்தினம். ஒருத்தி வாயைத் திறந்திருந்தால் இன்னொருத்தியும் திறந்திருப்பாள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சியும் செய்யவில்லை.

கல்லில் ‘அன்பான அண்ணன்’ என்று போடு. அது உண்மை, எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பாதி எனக்கு வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள். நான் இங்கே பங்குக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

நான் கேட்டிருந்த ஒரு நல்ல சம்பவத்தை நீ கடைசி வரை அனுப்பவில்லை. தேடியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு மன்றத்துக்குப் போனேன். டோக்கன் நாலு. மேடையேறியதும் செயலாளர் துரை கீழேயிருந்து, “மேடம், பல்லி சார் இந்த மாசம் இன்னா பண்ணாரு?” என்று கேட்டார். அவர் இறந்துபோயிட்டார் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அடுத்த வரி வரவில்லை. அழுகைதான் வந்தது. உன் அண்ணனின் சவப்பெட்டியை மூடியபோது வராத அழுகை, முப்பதாம் நாளும் வராத அழுகை, இருநூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு நிமிஷம் தாண்டியும் ஸ்ரீநிவாசராகவன் மணி அடிக்கவில்லை. பாலாம்பாள் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

கட்டில் மேல் ஏறி நின்று ‘மெதுவா மேரி’ என்று சொல்கிற மனுஷன் ஒருத்தர் எனக்கு ஐந்து மாதம் இருந்தார். நான் அழுதது அவருக்காக.

அருள்மேரி